உறையின் மேல் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுப் பகுதி முழுவதும் மாலை நேரங்களில் மருந்துக் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. வருகிறவர்களில் பலர் மருத்துவர் சீட்டோடு வருவதில்லை. "சளிக்கும் காய்ச்சலுக்கும் மூணு வேளைக்குக் குடுங்க" என்று கேட்கிறார்கள். கடையில் இருப்பவரும் நான்கைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று மூன்று மாத்திரைகளைக் கத்தரித்து, ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, "சாப்பிட்ட பிறகு போடுங்க ஆச்சி" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த உறையைப் பற்றியும் அதற்குள் போகும் கூட்டு மருந்துகளைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. பொருளின் அவசியம் கருதி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

ஜலதோஷத்திற்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒரே மருந்தால் ஆனவை அல்ல. கடைகளில் அதிகமாகப் புழங்கும் ஒரு வகையை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால், 10 மில்லிகிராம் ஃபினைலெஃப்ரின், 2 மில்லிகிராம் குளோர்ஃபெனிரமின் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். முதலாவது காய்ச்சலையும் உடல்வலியையும் குறைப்பதற்கு. இரண்டாவது மூக்கடைப்புக்கு. மூன்றாவது தும்மலுக்கும் மூக்கில் நீர் வடிவதற்கும். சிலவற்றில் காஃபீனும் சேர்ந்திருக்கும். இருமல் மருந்துகளில் இன்னும் இரண்டு மூன்று பொருள்கள் கூடும். இவற்றில் எதுவும் சளியை உண்டாக்கிய வைரஸைக் கொல்வதில்லை, நோய் நீடிக்கும் நாட்களைக் குறைப்பதும் இல்லை. ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல் உள்ளன. ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலே ஒரு வாரம் பத்து நாளில் வென்றுவிடுகிறது. அதுவரை படும் தொல்லையைத் தணிப்பது மட்டுமே இந்த மாத்திரைகளின் வேலை. அந்த வேலையை அவை ஓரளவு செய்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டு மாத்திரை என்பது விருந்து இலையைப் போன்றது: மோர்ச்சோறு போதும் என்று உட்கார்ந்தவருக்கும் எல்லாப் பதார்த்தமும் விழுந்துவிடும். தலைவலி மட்டும் உள்ளவர் தமக்குத் தேவையே இல்லாத இரண்டு மருந்துகளைச் சேர்த்து விழுங்குகிறார். அந்த இரண்டில் ஒன்று அவருக்கு ஆகாததாக இருந்தாலும் அது அவருக்குத் தெரிவதில்லை.

நம் ஊர்களில் நான் அதிகம் அஞ்சுவது பாராசிட்டமாலைப் பற்றித்தான். அளவோடு எடுத்தால் இதைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து இல்லை என்று இன்றும் சொல்வேன். உடல்நலமுள்ள, சராசரி எடையுள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் எல்லா வழியாகவும் சேர்த்து 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், வயதானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மதுப் பழக்கம் உள்ளவர்கள், காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதைவிடக் குறைத்தே கொடுப்பார்கள். இப்போது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முழங்கால் வலிக்காக ஆச்சி நாள்தோறும் இரண்டு வேளை ஒரு மாத்திரை போடுகிறார். அது அசெக்ளோஃபெனாக்கும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை, ஆக 650. சளிக்கு வாங்கிய கூட்டு மாத்திரை மூன்று வேளை; ஆக 1,500. காய்ச்சல் விடவில்லையே என்று தனியாக 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை, ஆக 1,950. மொத்தம் 4,100 மில்லிகிராம். ஒவ்வொரு மாத்திரையையும் ஆச்சி அளவு தவறாமல்தான் போட்டிருக்கிறார், எதையும் கூடுதலாக விழுங்கவில்லை. ஆனாலும் ஆரோக்கியமான பெரியவருக்கே உரிய எல்லையைத் தாண்டிவிட்டார். அவருடைய எடையோ நாற்பது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடலுக்குள் போகும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதைக் கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மருந்து அளவுக்கு மேல் போகும்போது குளுட்டாதயோன் இருப்பு தீர்ந்துபோகிறது. எஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. இதில் மிகவும் ஆபத்தானது என்னவென்றால், முதல் நாளில் குமட்டல், வாந்தி, சோர்வு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு இவை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? கண் மஞ்சளாவதும் வலப்பக்க மேல்வயிறு வலிப்பதும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. அளவு மீறிய முதல் 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். தாமதமாகத் தாமதமாகப் பயன் குறையும். ஆகவே அளவு கூடிவிட்டதாகத் தெரிந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போட்ட மருந்துகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்றே உள்ள இன்னொரு நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, பல கட்டு வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும், சில வீடுகளில் ஆச்சி மட்டும், இருக்கிறார்கள். கல்யாணத்திற்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் வந்து போகிற பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்து வைக்கும் மருந்துகள் அலமாரியில் நிறைந்து கிடக்கின்றன. அமெரிக்க டப்பாக்களில் அசிடமினோஃபென் என்று அச்சிட்டிருப்பது நம்முடைய பாராசிட்டமாலேதான். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்நாட்டில் இரவுநேரச் சளி மருந்தென்று விற்கப்படும் திரவம் ஒன்றில், ஒரு வேளைக்கான 30 மில்லியில் 650 மில்லிகிராம் அசிடமினோஃபெனோடு, தூக்கம் வரவழைக்கும் டாக்ஸிலமினும், இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் உண்டு. சில வகைகளில் ஆல்கஹாலும் உண்டு. மேலே சொன்ன ஆச்சிக்கு, "நான் வச்சிட்டு வந்தேனே, அதுல ராத்திரிக்கு ஒரு மூடி குடிங்க" என்று மகன் தொலைபேசியில் சொன்னால், அன்றைய கணக்கு 4,750 ஆகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மருந்து கொண்டுவருவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில் பெரிய எழுத்தில், இன்ன மருந்து, இத்தனை மில்லிகிராம், எதோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது காலாவதியானவற்றை நீங்களே எடுத்து அகற்றிவிடுங்கள். பெரியவர்கள் காசு போட்டு வாங்கியதைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

அடுத்தது குளோர்ஃபெனிரமின். மூக்கில் நீர் வடிவதை இது நிறுத்துவது, ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதால் மட்டும் அல்ல. சுரப்பிகளை உலர வைக்கும் குணமும் இதற்கு உண்டு. ஜலதோஷத்தில் இது தரும் நிவாரணத்தில் அதற்கும் பங்குண்டு. அதே குணத்தால் வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கிறது, கண்ணில் நீரழுத்த நோயின் ஒரு வகை உள்ளவர்களுக்கு அழுத்தம் திடீரென்று ஏறவும் கூடும். மூளைக்குள்ளும் நுழைவதால் தூக்கமும் தள்ளாட்டமும் வரும். வயதானவர்களுக்குக் குழப்பமும் வரும். அதன் விளைவு மறுநாள் காலையிலும் மிச்சம் இருக்கும். வயதானவர்கள் இவ்வகைப் பழைய ஒவ்வாமை மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறது. நம் வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். படுப்பது முகப்பிலோ, பட்டாலை என்னும் கூடத்திலோ. கழிப்பறை இருப்பது பின்கட்டில். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, முழங்கால் உயர நிலைப்படியைத் தாண்டி, மழைச்சாரலில் நனைந்த வளவு என்னும் உள்முற்றத்துக் கல்லில் நடந்து, வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைக் கடந்து போக வேண்டும். இரவில் சளி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த நடை இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். இந்த மருந்தைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதை இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் எழுபதைக் கடந்த ஐயா ஒருவர், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், கடையில் மூன்று வேளைக்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டு இரண்டு இரவு நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக வீங்கி, வலி தாங்காமல் துடித்தார். மருத்துவமனையில் குழாய் வைத்துத்தான் சிறுநீரை வெளியேற்றினார்கள். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது, வீட்டாரிடம் இருந்தது அந்தக் காகித உறை மட்டும்தான். அதன் மேல் காலை, மதியம், இரவு என்று மூன்று கோடுகள் போட்டிருந்ததைத் தவிர ஓர் எழுத்துக்கூட இல்லை. என்னை அழைத்துக் காட்டினார்கள். உள்ளே மிச்சம் இருந்த வெள்ளித்தாள் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மருந்துப் பெயரின் நடு எழுத்துக்கள் இரண்டு. இன்னொன்றில் விலையின் கடைசி இலக்கம். மூன்றாவதில் 'மாலியேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி. குளோர்ஃபெனிரமின் மாலியேட் என்று எழுதுவது வழக்கமாதலால், அந்தப் பாதிச் சொல்லை வைத்து ஊகித்துச் சொன்னேன். அது தற்செயலாக அந்தத் துண்டில் வந்து நின்றிராவிட்டால் ஊகிக்கவும் வழியில்லை. அட்டையின் பின்புறம் மருந்தின் உட்பொருள்கள் ஓரிடத்தில் அச்சாகியிருக்கும். காலாவதி நாளும் தொகுதி எண்ணும் ஓரத்தில் முத்திரையாக இருக்கும். இரண்டு மூன்று மாத்திரையாகக் கத்தரிக்கும்போது இவை எல்லாம் கடையிலேயே தங்கிவிடுகின்றன, அல்லது துண்டாகிப் போகின்றன.

மூக்கடைப்புக்கென்று சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரினைப் பற்றி வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூக்கின் உட்சவ்வில் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைப்பது இம்மருந்தின் வேலை. ஆனால் வாய்வழியாக விழுங்கும்போது குடற்சுவரிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துபோவதால், மூக்குக்குப் போய்ச் சேரும் அளவு மிகக் குறைவு. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் அளவில் இதை வாய்வழியாகச் சாப்பிடுவதால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று 16 பேரும் ஒருமித்து வாக்களித்தார்கள். அதையொட்டி, 2024 நவம்பரில் சீட்டில்லா மருந்துகளின் பட்டியலிலிருந்து இதை நீக்குவதற்கு அந்நிர்வாகம் முன்மொழிந்தது. ஆபத்தானது என்பதற்காக எடுத்த நடவடிக்கையன்று அது. பயனில்லை என்பதுதான் காரணம். நம் நாட்டுச் சளி மாத்திரைகளில் இது இன்றும் தாராளமாக இடம்பெறுகிறது. பயன் இல்லாவிட்டாலும் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. செட்டிநாட்டில் அறுபதைத் தாண்டியவர்களில் அழுத்த மாத்திரை போடாதவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே பல நேரங்களில் போதும். சைலோமெட்டசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்து உடனே கேட்கும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இருமல் திரவங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வறட்டு இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானை, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சர்க்கரை நோயாளிகள் இனிப்பில்லாத திரவம்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். சில உறைகளில் கடுகைவிடச் சற்றே பெரிய ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். காய்ச்சலும் உடல்வலியும் சட்டென்று தணிந்ததுபோல் தோன்றுவதால் அந்தக் கடைக்குக் "கைராசி" என்று பெயர் வருகிறது. அதே மாத்திரையால் சர்க்கரை தாறுமாறாக ஏறுவது யாருக்கும் தெரிவதில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்றோ இரண்டோ போடுவதால் வைரஸ் சளிக்கு எந்தப் பயனும் இல்லை என்பது எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வருவதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முதல் இரண்டு நாளில் இது ஃப்ளூவா டெங்குவா என்று வீட்டில் யாராலும் பிரித்தறிய முடியாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைகுளோஃபெனாக், மேலே சொன்ன அசெக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக் கசிவை மோசமாக்கும். பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது. காய்ச்சல் வந்த அன்றே மூட்டுவலி மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். இதயத்திற்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், அவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் அபாயமான நாட்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரையால் காய்ச்சல் விட்டது என்று நினைத்திருக்கும்போதே வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல் என்று வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

குழந்தைகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலும் புட்டியிலும் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததும் அவ்வகைக் கூட்டுத் திரவம்தான்; அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்தப் பிள்ளைகளைக் கொன்றது கலப்பட நச்சு. அந்தக் குற்றம் தயாரித்தவர்களையும் கண்காணிக்கத் தவறியவர்களையும் சார்ந்தது. ஆனாலும் சாதாரணச் சளிக்கு அந்தச் சிறு குழந்தைகளுக்கு அப்படியொரு திரவம் தேவைப்பட்டதா என்ற கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது ஏற்படும் ஒரு குழப்பத்தையும் தாய்மார்கள் அறிய வேண்டும். பாராசிட்டமால் திரவம் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரு வகையாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். திரவத்திற்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்துவிட்டால், 125க்குப் பதிலாக 500 மில்லிகிராம் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கம். ஆகவே மருத்துவர் எந்தப் புட்டியைச் சொன்னாரோ அந்தப் புட்டியை, அதோடு வரும் அளவுக் குப்பியில் மட்டுமே ஊற்றிக் கொடுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவு வேறுபடும்.

தேவையற்ற கூட்டு மருந்துகளை நீக்க அரசு முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2016 மார்ச்சில் 344 வகைகளைத் தடை செய்தது. வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போய், மறு ஆய்வுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328 வகைகள் தடைக்குள்ளாயின. 2024 ஆகஸ்டில் மேலும் 156 வகைகள் தடை செய்யப்பட்டன. அவற்றில் சளி, காய்ச்சல் மருந்துகளும் இருந்தன. ஆனால் டெல்லியில் வெளியாகும் அரசிதழ் அறிவிப்பு, பள்ளத்தூரில் ஒரு வீட்டு அலமாரிக்குள் நுழைவதில்லை. பெயரில்லாத உறைக்குள் இருக்கும் மாத்திரை தடை செய்யப்பட்டதா இல்லையா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

மருந்துக் கடைக்காரர்கள் மேல் பழி போடுவது என் நோக்கமன்று. மருத்துவரைப் பார்க்க அரை நாள் காத்திருக்க முடியாத கூலித் தொழிலாளிக்கும், பேருந்து ஏற முடியாத ஆச்சிக்கும், தெருமுனைக் கடைதான் முதல் துணையாக இருக்கிறது. பல கடைகளில் படித்த, பொறுப்பான மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது மிகச் சிறிய காரியம். சிவப்புக் கோடு போட்ட அட்டைகளைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். மற்றவற்றைக் கத்தரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தால், உறையின் மேல் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அதன் உட்பொருளையும் மில்லிகிராம் அளவையும் காலாவதி மாதத்தையும் எழுதிக் கொடுங்கள். பாராசிட்டமால் உள்ள மாத்திரை எது என்பதைத் தமிழில் தனியாக எழுதுங்கள். கொடுக்கும் முன், "அழுத்தம் இருக்கா, சர்க்கரை இருக்கா, சிறுநீர்த் தொல்லை இருக்கா, வேறு என்ன மாத்திரை போடுறீங்க?" என்று நான்கு கேள்வி கேளுங்கள். கூட்டம் மிகுந்த நேரத்தில் இதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும் என்பதை அறிவேன். வாங்குகிறவர்களும் அந்த ஒரு நிமிடம் பொறுத்து நின்று, எழுதித் தந்தால்தான் வாங்குவேன் என்று சொல்ல வேண்டும்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். 2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அவர்கள் ஒருமுறை பெரியவர்களின் மருந்து டப்பாவையும் திறந்து பார்த்து, பாராசிட்டமால் உள்ளவை எவை, அழுத்தக்காரர்களுக்கு ஆகாதவை எவை என்று வண்ணச் சீட்டு ஒட்டிவிட்டு வரலாம். இதற்குப் புதிய பணியிடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஒரு நாள் பயிற்சி போதும். மருந்து நிறுவனங்கள் உட்பொருள்களைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேற நாளாகலாம். அதுவரை இந்த வண்ணச் சீட்டாவது இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: எந்தத் தொல்லை இருக்கிறதோ அதற்கு மட்டும் உரிய ஒற்றை மருந்தைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் தனிப் பாராசிட்டமால் போதும். அது முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஒரு தாளில் போட்ட நேரத்தையும் அளவையும் குறித்து வையுங்கள். இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இருக்கட்டும். மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதமானவை, தாராளமாகக் குடியுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பவர்கள் கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பெரியவர்கள் உளறினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், கடைக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். ஃப்ளூவுக்கு உரிய வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன் தரும் என்பதால், முதியவர்களும் கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும், அவசரத்திற்கு 108.

தங்கள் நாளிதழ் ஒவ்வொரு வாரமும் மருத்துவப் பகுதி வெளியிடுகிறது. இந்த மழைக்காலம் முடியும்வரை, அதில் ஒரு சிறு கட்டத்தில், சளி மருந்துகளில் புழங்கும் உட்பொருள்களின் பெயர்களை அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தோடும் தமிழிலும் அச்சிட்டு, எது யாருக்கு ஆகாது என்று ஒவ்வொரு வரி சேர்த்து வெளியிட்டால், அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துக்கொள்ள எத்தனையோ வீடுகள் காத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தயாரித்துத் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
தேவகோட்டை.